பழைய ஜீப்புக்குக் குறைந்த செலவில் நாமே பெயின்ட் அடிக்கும் முறை

என்னிடம் இருப்பது பழைய மஹிந்திரா எம்எம் 540. பெஜோ டீசல் எஞ்சின், படுதாக் கூரை. போடியிலிருந்து மலையேறி, இடுக்கிப் பக்கம் இருக்கிற எங்கள் ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆளும் உரமும் கொண்டுபோவதுதான் அதன் வேலை. தார் ரோடு முடிந்தால் கல்லும் சேறும்தான், இரண்டு பக்கமும் உன்னிச்செடி உரசும். பட்டறையில் முழு பெயின்டிங்குக்கு அறுபதாயிரம் கேட்டார்கள். அவர்கள் வேலைக்கு அது நியாயமான கூலிதான். ஆனால் அடுத்த மழைக்காலத்துக்குள் முள்ளும் கல்லும் கீறிவிடப்போகிற வண்டிக்கு அவ்வளவு பணம் போட என்னால் முடியவில்லை. வீட்டு முற்றத்தில் வைத்து நானே செய்தேன். வெல்டிங் கூலி சேர்த்துப் பதின்மூன்றாயிரத்துக்குள் முடிந்தது.

காட்டுப்பாதையில் ஓடுகிற வண்டிக்கு நல்ல பெயின்ட் எது என்று கேட்டால், கீறல் விழுந்த மறுநாளே அதை நம் கையால் சரிசெய்ய முடிகிற பெயின்ட்தான் என்பேன். கீழே சொல்லியிருக்கிற எல்லாத் தேர்வும் இந்த ஒரு எண்ணத்திலிருந்து வந்தவை. கார் மாதிரி கண்ணாடிப் பளபளப்பு வேண்டும் என்பவர்கள் பட்டறைக்கே போங்கள்.

எந்த பெயின்ட்

கடையில் மூன்று வகை கிடைக்கும். டூ-கே என்கிற பியூ பெயின்ட்தான் இருப்பதிலேயே உறுதி. டீசல் சிந்தினாலும் கரையாது, பளபளப்பும் நிற்கும். அதற்கு கம்ப்ரசரும் ஸ்பிரே கன்னும் வேண்டும். அதைவிடப் பெரிய விஷயம், அதை இறுகவைக்கக் கலக்கிற ஹார்டனரில் இருக்கிற ஐசோசயனேட் என்கிற ரசாயனம். புகைபோலப் பரவுகிற அந்தத் துளிகளைச் சுவாசித்தால் ஆஸ்துமா வரலாம், வந்தால் வாழ்நாள் முழுக்க நிற்கலாம். வெளியிலிருந்து நல்ல காற்று வருகிற முகமூடி போட்டுக்கொண்டு செய்யவேண்டிய வேலை அது. முகத்தில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு அடிப்பவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு பதறுகிறது. குழந்தைகள் நடமாடுகிற முற்றத்தில் டூ-கே ஸ்பிரே வேண்டவே வேண்டாம்.

இரண்டாவது என்சி, அதாவது நைட்ரோசெல்லுலோஸ் பெயின்ட். சீக்கிரம் காயும், பழகுவது எளிது. ஆனால் மெல்லிய படலம், பல கோட்டு (பூச்சு) போடவேண்டும். பெட்ரோல் பட்டால் கெடும். ஈரக்காற்றில் அடித்தால் மேலே வெள்ளையாகப் பூத்துவிடும்.

மூன்றாவது சிந்தெடிக் எனாமல். நம் வீட்டுக் கேட்டுக்கும் ஜன்னல் கம்பிக்கும் அடிக்கிற அதே பெயின்ட்தான். மெதுவாகக் காய்வது இதன் குறை. ரோலரில் அடிப்பவருக்கு அதுதான் வசதி: காய்வதற்கு முன் தானே பரவி, ரோலர் தடத்தை நிரப்பிக்கொள்ளும். கம்ப்ரசர் தேவையில்லை, புகை பறக்காது, எந்த ஊர் ஹார்டுவேர் கடையிலும் அதே நம்பர் ஷேடு மறுபடி கிடைக்கும். சில வருட வெயிலில் மங்கும், டீசல் சிந்தித் துடைக்காமல் விட்டால் இளகும். அதற்கு ஒப்புக்கொண்டுதான் இதை எடுக்கவேண்டும்.

ஒன்றை மறக்கக்கூடாது. எனாமல் மேல் என்சியோ டூ-கேயோ அடித்தால், அவற்றை இளக்கக் கலக்கிற தின்னரின் வேகத்துக்கு அடியில் இருக்கிற எனாமல் சுருங்கித் தோலாக எழும்பிவிடும். எனாமலுக்குப் போய்விட்டால், பிற்பாடு மாற நினைக்கும்போது மொத்தத்தையும் சுரண்டி எடுக்கத்தான் வேண்டும். இப்போது வண்டியில் இருப்பது எது என்று தெரியாவிட்டால், மறைவான ஓர் இடத்தில் என்சி தின்னர் நனைத்த துணியால் தேயுங்கள். நிறம் துணியில் இறங்கினால் அல்லது மேற்பரப்பு சுருங்கினால் பழைய பெயின்ட் என்சி அல்லது எனாமல். ஒன்றும் ஆகாவிட்டால் டூ-கே அல்லது கம்பெனியில் சூடேற்றிக் காயவைத்தது. எப்படி இருந்தாலும், நன்றாகத் தேய்த்து எடுத்த பரப்பின் மேல் எனாமல் உட்காரும்.

நிறமும் ஆர்சி புக்கும்

ஜீப் என்றாலே பலருக்கும் ராணுவப் பச்சைமேல் ஆசை. அதை அடிக்காதீர்கள். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இல் 121-ஆம் விதி, பாதுகாப்புத் துறை வண்டிகளைத் தவிர வேறு எதற்கும் ஆலிவ் பச்சை அடிக்கக்கூடாது என்று நேராகவே சொல்கிறது. வேறு நிறத்துக்கு மாறினாலும் ஆர்டிஓ அனுமதி வாங்கி ஆர்சியில் ஏற்றவேண்டும். ஆர்சியில் இருக்கிற நிறத்தையே அடித்தால் இந்த அலைச்சல் ஏதும் இல்லை. சொந்த உபயோக வண்டிக்குப் பதினைந்து வருடம் கழிந்து ஆர்சி புதுப்பிக்கப் போகிற வருடம் என்றால், பெயின்ட் வேலையை அதற்கு முன்பே முடித்துக்கொள்வது நல்லது.

சேஸிஸ் நம்பர் வெட்டியிருக்கிற இடத்தில் பள்ளம் நிரப்புகிற பட்டியோ தடித்த பெயின்டோ போகக்கூடாது. ஆய்வாளர் பென்சிலால் அதைப் பிரதியெடுப்பார். அந்த இடத்தை டேப் ஒட்டி மறைத்துவிட்டு, கடைசியில் மெல்லிய ஒரு கோட்டு மட்டும் கொடுங்கள்.

அனுமதி வாங்கி நிறம் மாற்றுவதாக இருந்தால் என் கருத்து: வெளிர் நிறமாக எடுங்கள். உன்னிச்செடி கீறினால் வெள்ளைக் கோடு விழும். அது கறுப்பிலும் கருநீலத்திலும் பத்தடி தள்ளி நின்றாலும் தெரியும், சந்தன நிறத்திலும் வெளிர் சாம்பலிலும் தெரியாது. செம்மண் தூசியும் அப்படித்தான். முழுப் பளபளப்புக்குப் பதில் சாட்டின் எனாமல் எடுத்தால் தகரத்தின் நெளிவுகளும் அடங்கித் தெரியும். கடைக்காரர் இரண்டு ஷேடைக் கலந்து தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். ஷேடு கார்டில் உள்ள நம்பராக வாங்கினால்தான் மூன்று வருடம் கழித்தும் அதே நிறம் கையில் வரும். பானட்டின் மேல்பரப்புக்கு மட்டும் மேட் கறுப்பு அடிப்பது பழைய ஜீப்காரர்கள் பழக்கம். எதிர்வெயில் பானட்டில் பட்டுக் கண்ணில் அடிக்காது, மலையேறும்போது அது பெரிய ஆறுதல்.

எப்போது, எங்கே

எங்கள் பக்கம் ஜூனில் தொடங்கிக் காற்றும் சாரலும், ஐப்பசி கார்த்திகையில் அடைமழை. மாசி, பங்குனிதான் சரியான காலம். காலை பனி உலர்ந்தபின் ஆரம்பித்து, வெயில் ஏறித் தகரம் கையில் சுடுவதற்குள் அன்றைய அடிப்பை நிறுத்திவிடவேண்டும். சுட்ட தகரத்தில் எனாமல் மேலே ஆடைகட்டி உள்ளே பச்சையாகவே இருக்கும். சாயங்காலம் அடித்தால் பூச்சிகள் வந்து ஒட்டும், இரவுப்பனி பளபளப்பைக் கொன்றுவிடும். மாமரத்தடி நிழலாக இருக்கிறதே என்று வண்டியை அங்கே நிறுத்தாதீர்கள். பூக்கிற காலத்தில் தத்துப்பூச்சி சொரிகிற பிசுபிசுப்பு முழு வண்டியிலும் படியும்.

ஜீப்பில் ஒரு பெரிய சலுகை உண்டு. பானட், இரண்டு மட்கார்டு, கிரில், கண்ணாடி ஃபிரேம், டெயில் போர்டு எல்லாமே போல்ட்டில் நிற்கிறவை. ஒரே மூச்சில் முழு வண்டியையும் பிரித்துப் போட்டுக்கொண்டு கலங்கத் தேவையில்லை. இந்த மாதம் கைக்காசுக்கு டெயில் போர்டும் ஒரு மட்கார்டும், அடுத்த மாதம் பானட் என்று போகலாம். பானட் இல்லாமல் ஒரு வாரம் ஓட்டினாலும் வண்டி வேலை பார்க்கும். துருப்பிடித்த போல்ட்டுகளுக்கு முந்தின நாளே பெனட்ரேட்டிங் ஆயில் விட்டு ஊறவிடுங்கள். கழற்றியதை எல்லாம் இடத்தின் பெயர் எழுதிய பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கட்டுங்கள்.

துரு

மொத்த நேரத்தில் பாதி இங்கேதான் போகவேண்டும். மேலே எவ்வளவு நல்ல பெயின்ட் அடித்தாலும், அடியில் விட்டுவைத்த துரு ஒரே மழைக்காலத்தில் கொப்புளம் கட்டி வெளியே வரும்.

முதலில் கழுவல். சபீனா பவுடரும் தேங்காய் நாரும் போட்டு, ஒரு பரப்புகூட விடாமல் தேய்த்துக் கழுவுங்கள். டாஷ்போர்டு பாலிஷ், டயர் பாலிஷ் பலவற்றிலும் சிலிக்கோன் உண்டு. அது ஒரு துளி ஒட்டியிருந்தாலும் பெயின்ட் அந்த இடத்தில் வட்டம் வட்டமாக விலகி நிற்கும். மண்ணெண்ணெயால் துடைப்பது நம் ஊர் வழக்கம். அது எண்ணெய்ப் படலத்தை விட்டுப்போகும், வேண்டாம். தின்னர் (பழைய பெயின்ட் தின்னரில் இளகுகிற வகை என்றால் டர்பன்டைன்) நனைத்த துணியால் துடைத்து, ஈரம் பறக்குமுன் இன்னொரு காய்ந்த துணியால் எடுங்கள். ஒரே துணியால் துடைத்தால் எண்ணெய் இடம் மாறுகிறதே தவிரப் போகாது.

பிறகு ஒரு ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு தட்டிப் பாருங்கள். கால்மிதியின் ரப்பர் விரிப்புக்கு அடியில், பேட்டரித் தட்டுக்குக் கீழே, கண்ணாடி ஃபிரேமின் அடிவிளிம்பில், பின்பக்க மூலைகளில், டெயில் போர்டின் மடிப்பில், பாடி சேஸிஸில் உட்காருகிற இடங்களில். இவைதான் ஜீப்பில் துரு குடியிருக்கிற இடங்கள். டங் என்று சத்தம் வந்தால் தகரம் நல்லது. பொத்தென்று வந்து முனை உள்ளே இறங்கினால் அங்கே தகரமே இல்லை, பழைய பட்டிதான் இருக்கிறது.

ஓட்டையைப் பட்டியால் அடைக்காதீர்கள். பட்டி தண்ணீரை உறிஞ்சும், பின்பக்கமிருந்து ஈரம் ஏறி நாலு மாதத்தில் மொத்தமாகக் கழன்று விழும். துருத்தகரத்தை வெட்டி எடுத்துவிட்டு அதே கனத்துத் தகட்டை வெல்டு வைக்கத்தான் வேண்டும். வெட்டுவதும் தகட்டை அளவெடுத்து நறுக்குவதும் நாமே செய்யலாம். வெல்டிங்குக்கு மட்டும் ஆளைக் கூப்பிட்டால் கூலி பாதியாகும். எங்கள் ஊர் டிங்கர் அண்ணன், “நீ இடத்தைச் சுத்தம் பண்ணி வச்சிரு தம்பி, வெல்டு வைக்க ஒரு மணி நேரம் போதும்” என்றார், அப்படியே நடந்தது. வெல்டு வைக்குமுன் பேட்டரி வயரைக் கழற்றுங்கள், டீசல் டேங்கும் பைப்பும் அருகில் இருந்தால் கழற்றித் தள்ளி வையுங்கள், வாளியில் தண்ணீரும் மணலும் பக்கத்தில் இருக்கட்டும். தரைத்தகட்டில் தண்ணீர் வடிகிற ஓட்டைகள் இருக்கும், அவற்றை மூடிவிடாதீர்கள்.

ஓட்டை விழாத துருவுக்கு கிரைண்டரில் வயர் கப் பிரஷ் மாட்டித் தேயுங்கள், கண்ணை மூடுகிற பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் அதைத் தொடவேண்டாம். அந்தக் கம்பிகள் அறுந்து ஊசி மாதிரி பாயும். மூலைகளுக்குக் கைப்பிரஷும் 80 நம்பர் எமரியும் (நம்பர் ஏற ஏற எமரி மென்மையாகும்). குழிக்குள் கறுப்பாகத் தங்கிய துருவுக்கு பாஸ்பாரிக் ஆசிட் கலந்த ரஸ்ட் கன்வெர்ட்டர் தடவுங்கள். துரு அயர்ன் பாஸ்பேட்டாக மாறிக் கறுக்கும். காய்ந்தபின் மிச்ச ஆசிட்டைத் தண்ணீரால் கழுவி, உடனே துணியாலும் வெயிலாலும் காயவைத்து, 120 எமரியால் ஒருமுறை இழுங்கள். ஆசிட் மிச்சம் இருந்தால் அதன்மேல் எபாக்ஸி பிரைமர் என்கிற அடிப்பூச்சு பிடிக்காது.

துரு இல்லாத, நன்றாக ஒட்டியிருக்கிற பழைய பெயின்டை வேரோடு பிடுங்க வேண்டியதில்லை. 220, பிறகு 320 வாட்டர் பேப்பரால் பளபளப்பு போகிறவரை தேய்த்தால் போதும். பழைய வண்டிகளின் பெயின்டில் ஈயம் இருக்கலாம். அதனால் பெயின்டைத் தண்ணீர் விட்டே தேயுங்கள், தூள் பறக்கக்கூடாது. குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள், கழுவிய தண்ணீர் காய்கறிப் பாத்தியில் போய்ச் சேரக்கூடாது.

பிரைமரும் பட்டியும்

வெறும் தகரம் தெரிகிற இடத்திலெல்லாம் அன்றைக்கே எபாக்ஸி பிரைமர் அடித்துவிடவேண்டும். ஓரிரவு விட்டாலே மலைக்காற்று ஈரத்தில் மஞ்சள் துரு பூக்கும். ரெட் ஆக்ஸைடு விலை குறைவுதான், ஆனால் அது ஈரத்தை உள்ளே விடும். தரைத்தகட்டுக்கும் வெல்டு வைத்த இடத்துக்கும் கண்டிப்பாக எபாக்ஸிதான். இரண்டு டப்பாவில் வரும், டப்பாவில் போட்ட அளவில் கலந்து பிரஷ்ஷாலேயே அடிக்கலாம். கையுறை அவசியம். தோலில் பட்டுப் பட்டு ஒவ்வாமை வந்துவிடும். பட்ஜெட்டில் நான் கை இறுக்காத ஒரே பொருள் இதுதான்.

ஹார்டனர் கலக்கிற பாலியஸ்டர் பட்டியை எபாக்ஸிக்கு மேல் போடுங்கள். நூறு கிராமுக்கு இரண்டு கிராம் அளவு ஹார்டனர். வெயில் காலத்தில் பத்து நிமிடத்துக்குள் இறுகும், அதனால் எலுமிச்சம்பழ அளவாகக் கலந்து கலந்து போடுங்கள். நெளிவை முதலில் சுத்தியாலும் பின்னால் பிடித்த இரும்புக் கட்டையாலும் தட்டி எடுத்துவிட்டு, மிச்சம் இரண்டு மூன்று மில்லிமீட்டர் மட்டும் பட்டியால் நிரப்பவேண்டும். கைவிரலால் அழுத்தித் தேய்த்தால் அலை அலையாக வரும். மரக்கட்டையில் எமரியைச் சுற்றி, 80, 120, 220 என்று ஏறுங்கள். பட்டியைத் தண்ணீர் விட்டுத் தேய்க்காதீர்கள், முகமூடி போட்டுக்கொண்டு உலர்வாகத் தேயுங்கள். பிறகு பட்டி போட்ட இடத்தின் மேல் மறுபடி பிரைமர், அது காய்ந்தபின் முழுவதும் 320 வாட்டர் பேப்பர். ஜீப்பில் எல்லா நெளிவையும் நிமிர்த்தவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. டெயில் போர்டில் என் அப்பா காலத்துப் பள்ளம் ஒன்றை அப்படியே விட்டிருக்கிறேன்.

ரோலர் அடிப்பு

வேண்டியவை: நாலு இஞ்ச் ஃபோம் ரோலர் சில, நெருக்கமான நுரையாக இருக்கவேண்டும், மயிர் ரோலர் வேண்டாம். மூன்று இஞ்ச் மென்மையான பிரஷ் ஒன்று. அகலமான தட்டு. எனாமலை டர்பன்டைனில் பத்து முதல் பதினைந்து சதவீதம் இளக்குங்கள். என்சி தின்னர் விட்டால் நுரை ரோலர் ஊறிப் பிய்ந்து பெயின்டில் கலக்கும். கலக்கியதைப் பழைய வேட்டித் துணியில் வடிகட்டுங்கள், புது டின்னாக இருந்தாலும் இதை விடக்கூடாது. முற்றத்தில் தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்குங்கள். கண்ணாடி, விளக்கு, ரப்பர் பீடிங்குக்கெல்லாம் மாஸ்கிங் டேப். கழற்ற முடிந்ததைக் கழற்றிவிடுவது டேப் ஒட்டுவதைவிட நல்லது.

மூலை, விளிம்பு, போல்ட் தலைகளை முதலில் பிரஷ்ஷால் முடித்துக்கொண்டு, இரண்டடிக்கு இரண்டடி பரப்பாக ரோலரை ஓட்டுங்கள். ரோலரைத் தட்டில் நன்றாக உருட்டி, அதிகப் பெயின்டை வழித்தபின்தான் தகரத்தில் வைக்கவேண்டும். முதலில் குறுக்கே, பிறகு நெடுக்கே, அழுத்தாமல். உடனே காய்ந்த பிரஷ் நுனியால், தொட்டும் தொடாமலும், ஒரே திசையில் நெடுக இழுத்து விடுங்கள். நுரைக்குமிழ் உடைந்து பெயின்ட் தானாகச் சமனாகும். அடுத்த பரப்பை, முந்தின விளிம்பு ஈரமாக இருக்கும்போதே சேர்க்கவேண்டும். அதனால் ஒரு பாகத்தைத் தொடங்கினால் முடிக்காமல் டீ குடிக்கப் போகக்கூடாது. விட்டுப்போன இடம் ஐந்து நிமிடம் கழித்துக் கண்ணில் பட்டால் தொடாதீர்கள், அடுத்த கோட்டில் மூடிக்கொள்ளலாம்.

முதல் கோட்டில் அடியில் இருப்பதெல்லாம் தெரியும், மனம் தளரவேண்டாம். தடிமனாக அடித்து ஒரே கோட்டில் மூடப் பார்த்தால் பக்கப்பலகைகளில் வழிந்து கோடு கோடாக நிற்கும். ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு, 400 வாட்டர் பேப்பரால் லேசாகத் தேய்த்து, துடைத்து, இரண்டாம் கோட்டு. மறுபடி காயவிட்டு 600 பேப்பர், மூன்றாம் கோட்டு. முன்னதை நகத்தால் அழுத்திப் பாருங்கள், தடம் விழுந்தால் இன்னும் ஒரு நாள் பொறுங்கள். பச்சையான எனாமல் மேல் எனாமல் அடித்தாலும் சுருங்கும். தகரக் கூரை இல்லாத ஜீப்புக்கு உள்ளும் புறமும் மூன்று கோட்டுக்கு நாலு லிட்டர் டின் போதுமானதாக இருந்தது.

எனாமல் துடைத்த துணிகளைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். காயும்போது அதுவே சூடாகித் தீப்பிடிக்கலாம். விரித்துக் கொடியில் காயப்போட்டு அப்புறம் எறியுங்கள்.

அடிப்பக்கம் சேஸிஸுக்கு வயர் பிரஷ், எபாக்ஸி, மேலே கறுப்பு எனாமல். இவ்வளவே. பழைய எஞ்சின் ஆயிலை அடியில் பூசுகிற வழக்கத்தை விடுங்கள். ரப்பர் புஷ்களை அது ஊறவைத்துக் கெடுக்கும், பிறகு எந்தப் பெயின்டும் அங்கே பிடிக்காது, மண்ணிலும் சொட்டும்.

என் செலவில் வெல்டிங்கும் தகடும் நாலாயிரம் சொச்சம், எபாக்ஸியும் பட்டியும் சேர்ந்து மூவாயிரம், எனாமலும் டர்பன்டைனும் தின்னரும் அதே அளவு, மிச்சம் எமரி, ரோலர், டேப், கன்வெர்ட்டர், கையுறை, முகமூடி. கிரைண்டர் இரவல். ஊருக்கு ஊர் விலை மாறும், ஆனால் துருவுக்குச் செலவழித்தது பெயின்டுக்குச் செலவழித்ததைவிடக் கூடுதலாக இருக்கவேண்டும் என்கிற கணக்கு மாறாது.

கடைசிக் கோட்டுக்குப் பிறகு மூன்று நாலு வாரம் சோப்பு, பாலிஷ், படுதாக் கயிறு எதுவும் பெயின்டில் படவேண்டாம். தொட்டால் காய்ந்ததாகத்தான் இருக்கும், உள்ளே இறுகுவதற்கு அவ்வளவு காலம் ஆகும். மிஞ்சிய பெயின்டைப் பெரிய டின்னிலேயே விட்டால் காற்றுப்பட்டு ஆடைகட்டும். சின்னக் கண்ணாடி பாட்டில்களில் விளிம்புவரை ஊற்றி இறுக மூடி, ஷேடு நம்பரையும் தேதியையும் எழுதி ஒட்டி வையுங்கள். தோட்டத்திலிருந்து வந்து வண்டியைக் கழுவும்போது கீறலைப் பார்த்தால், தகரம் தெரிகிறதா என்று மட்டும் பாருங்கள். தெரியாவிட்டால் 600 பேப்பரால் இரண்டு இழுப்பு, சின்ன பிரஷ்ஷால் ஒரு கோட்டு. தெரிந்தால் 120 எமரி, எபாக்ஸி, மறுநாள் எனாமல்.